உண்ணாவிரதத்துக்குப் பல் எதற்கு?

செத்தாலும் சரி, இந்த உடம்பில் கத்தி படாது என்று கோரிக்கையார் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவர். கூட்டத்துக்கு வந்திருந்த மற்றொரு உறுப்பினர் அவருடைய மனைவி. தையல் மிஷினை மிதித்தபடியே, தலையைத் தூக்காமல், "எதிர்ப்பு ஒண்ணுன்னு எழுதிக்குங்க" என்றாள்.

கோரிக்கை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பஸ் பணிமனை நிர்வாகம் வைத்த பெயர். அங்கே அவர் சங்கச் செயலாளர். மேலாளர் அறைக் கதவை அவர் தட்டினால் போதும், "கோரிக்கை வந்தாச்சு, நாற்காலியைப் போடு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஓய்வு பெற்ற மறுநாளே நாற்காலியை எடுத்துவிட்டார்கள். பெயரை எடுக்க அவர்களால் முடியவில்லை. கூடவே ஓர் 'ஆர்' ஒட்டிக்கொண்டு, கோரிக்கையார் ஆகிவிட்டது.

தீர்மானம் சும்மா வந்துவிடவில்லை. பெரிய சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது. அது ஒரே மாடியாக இருந்தவரையில் மக்களுக்குக் காய்ச்சல் வந்தது, சளி பிடித்தது, மாத்திரை விழுங்கினார்கள், எழுந்து வேலைக்குப் போனார்கள். ஐந்து மாடியும் கண்ணாடிச் சுவரும் ஆன பிறகு யாருக்கும் காய்ச்சலே வருவதில்லை. எல்லாருக்கும் கட்டி, எல்லாருக்கும் கல். மாடி கட்டக் கடன் வாங்கியவன் எதைக் கிழித்து வட்டி கட்டுவான்? மேல்மாடி பூசுகிற வருஷத்தில் ஊரில் பாதிப் பேருக்குப் பித்தப்பை கெட்டுப்போகிறது என்றால், கெட்டுப்போனது பித்தப்பையா, நியாயமா?

அந்தத் தெருவில் தையல் விழாத வயிறு இல்லை. இது மேடைப்பேச்சு அல்ல. கோரிக்கையாரின் மனைவியுடைய அளவு நாடா சொன்ன சேதி. "அக்கா, தையல் போட்ட இடத்துல உரசுது, இடுப்புப் பக்கம் கொஞ்சம் தளர்த்திக் குடுங்க" என்று துணியைத் தூக்கிக்கொண்டு வராத பெண் கிடையாது. இருமலோடு போனவள் குடல்வால் இல்லாமல் திரும்பினாள். தானாகப் பிறக்க இருந்த குழந்தையை, டாக்டர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில், முதல் நாளே வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். இடது முழங்கால் வலிக்கிறது என்று போன தபால்காரருக்கு வலது முழங்காலையும் மாற்றினார்கள். "நல்லா இருந்த காலை ஏன்யா மாத்தினீங்க?" என்று கேட்டால், "ஜோடி ஒத்துப்போகணும்ல" என்றார்களாம்.

எதிர்வீட்டு வேன்காரத் தம்பியின் கதைதான் கோரிக்கையாரின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவன் மனைவிக்கு உதிரப்போக்கு. கண்ணாடி ஆஸ்பத்திரியில், "கர்ப்பப்பையை எடுக்கணும், இல்லைன்னா புற்று வரும்" என்று பயமுறுத்தினார்கள். புற்று என்ற சொல் காதில் விழுந்தபின் எவன் கணக்குப் பார்ப்பான்? வேனை விற்றான். எடுத்தார்கள். பிறகுதான் எதிர்ப்புறத்து அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இது மாத்திரையிலேயே நின்றிருக்கும் என்று சொன்னார். இப்போது தம்பி அதே வேனைத்தான் ஓட்டுகிறான். வாங்கியவனிடம் கூலிக்கு.

"தேவைப்பட்டா வெட்டட்டும். வேண்டாம்னு சொல்லல. ஆனா தேவை யாருக்கு? உடம்புக்கா, கட்டடத்துக்கா?" என்று கோரிக்கையார் தேநீர்க்கடையில் கர்ஜிப்பார். கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களை நகர்த்தி வைத்துக்கொள்வார்.

இவ்வளவு நியாயமான தீர்மானத்தில் ஒரு விவரம் மட்டும் விட்டுப்போயிருந்தது. கோரிக்கையாருக்கே குடலிறக்கம்.

வலது அடிவயிற்றில், தொடை சேருகிற இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். அது அவருக்குப் பழக்கப்பட்ட நிர்வாகம் மாதிரியே நடந்துகொண்டது. கத்தினால் வெளியே வரும். இவர் படுத்துவிட்டால் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். கோஷம் போடும்போதெல்லாம் அவருடைய இடது கை ஆகாயத்தைக் குத்தும். வலது கை பாக்கெட்டுக்குள் இருந்து எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆறு மாதம் இப்படி மறைத்தார். ஊரிடம் மறைக்கலாம். கட்டியவள் தையற்காரியாக இருந்தால் உடம்பை மறைக்க முடியுமா?

"ஏங்க, உங்க கால்சட்டையில வலது பக்கம் மட்டும் ஏன் இப்படி நைஞ்சு கிடக்கு?"

"நான் இடதுசாரி. வலது பக்கம் நையத்தான் செய்யும்."

"அந்த வலதுசாரியைக் கொஞ்சம் காட்டுங்க பார்ப்போம்."

பார்த்தாள். மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அறுவை டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுகளை எல்லாம் தைத்துக் கொடுப்பது இவள்தான். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: "இது ஹெர்னியா. மாத்திரைக்கு அடங்காது, தையல் போட்டுத்தான் ஆகணும். இப்ப வெளிய வந்துட்டு உள்ள போகுது. ஒருநாள் போகாம மாட்டிக்கிச்சுன்னா குடல் அழுகிடும். அன்னைக்கு ஓடி வந்தா உயிருக்கு நான் ஜவாபு சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும்தான் கோரிக்கையார் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினார்.

"வெட்டுறவங்க எல்லாருமே இதைத்தான் சொல்றாங்க. 'உங்களுக்கு மட்டும் அவசியம்.' தம்பி பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தானே சொன்னாங்க?"

"இந்த அம்மா காசு கேக்கலையே?"

"அதுதான் பெரிய சந்தேகம்."

"தம்பி பொண்டாட்டிக்கு வெட்ட வேண்டாம்னு சொன்னதும் இதே அம்மாதான். அப்ப மட்டும் நியாயஸ்தி, உங்க வயித்தைத் தொட்டதும் கொள்ளைக்காரியா?"

"தனிநபரைப் பத்தி நான் பேசல. கொள்கையைப் பத்திப் பேசுறேன்."

"கொள்கைக்கா ஹெர்னியா வந்திருக்கு?"

கோரிக்கையார் பத்திரிகையை விரித்தார். எந்தத் துண்டறிக்கையிலும் அவர் அச்சடிக்காத விஷயம் ஒன்று உண்டு. வாலிபத்தில் ஒரு மறியலில் தடியடி பட்டு மண்டை பிளந்தது. ரத்தம் வழிய வழிய, ஒரு மைல் கோஷம் போட்டபடியே நடந்துபோனார். தையல் போட நர்ஸ் ஊசியை எடுத்ததும் சாய்ந்துவிட்டார். 'தடியடியில் தலைவர் மயங்கி விழுந்தார்' என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. அவர் மறுப்பு வெளியிடவில்லை. அன்று அந்த அறையில் இருந்து தண்ணீர் தெளித்தவள் ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். அவள்தான் இப்போது மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள்.

இவள் வாயை அடைக்கவும், உள்ளுக்குள் உறுத்துவதை அமுக்கவும் கோரிக்கையாருக்கு ஒரே வழிதான் தெரியும். போராட்டம். கண்ணாடி ஆஸ்பத்திரியை எதிர்த்து உண்ணாவிரதம். கோரிக்கைகள் இரண்டு. மாதத்துக்கு என்னென்ன ஆபரேஷன், எத்தனை பேருக்கு, என்ன விலைக்குச் செய்கிறீர்கள் என்று வாசலில் போர்டு வை. கத்தியை எடுப்பதற்குமுன் வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்க நோயாளியை அனுப்பு.

மனைவி சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்து, பதில்களை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு சொன்னார். அவள் பல்லால் நூலைக் கடித்துவிட்டு, "நல்ல காரியம். வச்சிடுங்க" என்றாள்.

"என்னது?"

"அந்தத் தம்பி பொண்டாட்டியை நினைச்சா எனக்கும்தான் வயிறு எரியுது. ஆனா ஒண்ணு. செய்யிறதை முறையா செய்யணும். போன உண்ணாவிரதம் மாதிரி ஆகக் கூடாது."

கோரிக்கையார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். போன உண்ணாவிரதத்தில் இவள் வெந்நீர் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தது வெந்நீர் அல்ல. சர்க்கரை போட்ட பால்.

"இந்தத் தடவை ஃபிளாஸ்க் கிடையாது."

"வெந்நீர்?"

"பச்சைத் தண்ணிகூடக் கிடையாது. முந்தின ராத்திரியிலேருந்தே வயிறு காலியா இருக்கணும். தண்ணி குடிச்சா அது அரை விரதம்னு ஆஸ்பத்திரிக்காரன் சொல்லிடுவான்."

நியாயமாகத்தான் பட்டது.

"அப்புறம், உண்ணாவிரதம் தாங்குமான்னு உடம்பைச் சோதிக்கணும். பெரிய தலைவருங்க எல்லாம் டாக்டரை வச்சுச் சோதிச்சுட்டுத்தானே உட்கார்றாங்க? டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். ரத்தம் எடுப்பாங்க. நெஞ்சுல வயரை ஒட்டிப் படம் எடுப்பாங்க. அவ்வளவுதான்."

முப்பது வருஷ சங்க வாழ்க்கையில் அவருடைய இதயத்தை யாரும் படம் எடுத்ததில்லை. கோரிக்கையார் நெகிழ்ந்துபோனார். ரத்தம் எடுக்கும்போது மட்டும் சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தை உற்றுப் பார்த்துச் சமாளித்தார். சோதனை முடிந்ததும் டாக்டரம்மா, "உங்களுக்குத் தாராளமா தாங்கும்" என்றார். எது தாங்கும் என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. அரசு ஊழியரிலும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள் என்று தேநீர்க்கடையில் போய்ச் சொன்னார்.

கண்ணாடி ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போடப் போலீஸ் அனுமதி தரவில்லை. சாலைக்கு எதிர்ப்புறம், அரசு ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அந்த இடத்தைக் கேட்டு வாங்கியதும் மனைவிதான். "அங்கதான் நிழல்" என்றாள்.

பதாகையும் அவள் கைவேலைதான். நல்ல வெள்ளைப் பருத்தித் துணி. அதில் சிவப்புத் துணியில் எழுத்துகளை வெட்டி வைத்துத் தைத்திருந்தாள்: 'காசுக்காகக் கத்தி வைக்காதே!'

கோரிக்கையார் தடவிப் பார்த்தார். "மெத்துனு இருக்கே. ஒருநாள் கூத்துக்கு இவ்வளவு நல்ல துணி எதுக்கு?"

"அப்புறம் எதுக்காவது ஆகும்."

விடிந்தது. அவர் குளித்துவிட்டு வந்தார். இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னாள். வந்து உட்கார்ந்ததும் கையைப் பிடித்து நகங்களை வெட்டினாள்.

"நகத்தை எதுக்குடி வெட்டுற?"

"ஆகாயத்தைக் குத்துற கையை எல்லாரும்தானே பார்ப்பாங்க? அழுக்கு நகத்தோடவா?"

"சரி சரி."

"மோதிரத்தைக் கழட்டுங்க."

"கல்யாண மோதிரம்டி!"

"தங்க மோதிரம் போட்டுக்கிட்டு ஏழைக்காகப் பட்டினி கிடக்கிறேன்னா எவன் நம்புவான்? முதலாளின்னு நினைப்பான்."

கழற்றினார். அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"பல் செட்டு."

கோரிக்கையாரின் முன்பற்கள் நான்கும் கழற்றி மாட்டுகிறவை. "பல்லையுமா? எதுக்கு?"

"சாப்பிடப் போறீங்களா?"

"இல்ல."

"அப்புறம் பல்லு எதுக்கு?"

முப்பது வருஷம் மேலாளர்களை மடக்கியவர் வாயைத் திறந்தார். பல் கிண்ணத்தில் விழுந்தது.

பந்தலில் நல்ல கூட்டம். தெருவே வந்திருந்தது. வேன்காரத் தம்பி வந்தான். அவன் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்தாள். தபால்காரர் ஜோடி முழங்கால்களை நீட்டிக்கொண்டு ஓர் ஓரமாக அமர்ந்தார். அறுபட்ட வயிறுகள் எல்லாம் ஒரே பந்தலில் கூடியிருப்பதைக் கோரிக்கையார் பார்த்தார். இத்தனை தையலுக்கும் யார் பதில் சொல்வது? ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். இடது கை உயர்ந்தது. வலது கை பாக்கெட்டுக்குள் போனது.

"காசுக்காகக் கத்தி வைக்காதே!" என்றுதான் முழங்கினார். முன்பல் இல்லாத வாயிலிருந்து, "காஃபுக்காக" என்று காற்றுத்தான் வந்தது.

சாலையில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "இப்பத்தானே உட்கார்ந்தாரு, அதுக்குள்ள காப்பி கேக்கிறாரே" என்றார்.

ஆனாலும் கோஷம் எடுபட்டது. எதிர்ப்புறத்துக் கண்ணாடிக்குப் பின்னால் தலைகள் தெரிந்தன. வெயில் ஏறியதும் கழுத்தில் டை கட்டிய மேலாளர் ஒருவர் சாலையைக் கடந்து வந்தார். மேலாளர் என்றதும் கோரிக்கையாருக்குப் பழைய ரத்தம் சூடேறியது. நாற்காலி போடச் சொன்னார்.

"ஐயா, எதுக்கு வெயில்ல வாடுறீங்க? எங்களுக்கு உங்க மேல மரியாதை உண்டு. வயசான தோழர்களுக்குன்னே ஒரு சலுகைத் திட்டம் வச்சிருக்கோம்." அவர் கோரிக்கையாரின் வலது பாக்கெட்டை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்கு ஹெர்னியா மாதிரி தெரியுது. பாதி விலைக்கு முடிச்சுடலாம். கூடவே பித்தப்பையையும் பார்த்துடலாம். ஒரே தடவையில ரெண்டும்னா உங்களுக்குத்தான் லாபம்."

"என் பித்தப்பைக்கு என்னய்யா கேடு?"

"இப்ப ஒண்ணுமில்ல. பின்னால வரலாம்."

"பின்னால தலைவலிகூட வரலாம். இப்பவே தலையை எடுத்துடுறியா?" கோரிக்கையார் எழுந்துவிட்டார். "வேனை வித்தானே ஒருத்தன், அவனுக்கு எந்தச் சலுகையைக் குடுத்தே? பொம்பளை பயத்துக்கு விலை போட்டு வித்தீங்களே, அது எந்தத் திட்டத்துல வருது? போர்டு வை! எத்தனை வயித்தைக் கிழிச்சேன்னு எழுதி வை! கூசுதா? கூசுற வேலையை ஏன்யா செய்யுறே?"

மேலாளர் வந்த வேகத்தைவிட வேகமாகச் சாலையைக் கடந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. கோரிக்கையார் அடிவயிற்றிலிருந்து ஒரு கோஷம் எழுப்பினார். அடிவயிறும் கூடவே எழும்பியது.

எலுமிச்சம்பழம் மாம்பழமாகி வெளியே நின்றது. சுருக்கென்று ஒரு வலி. முகத்தில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. பாக்கெட்டுக்குள் கையை வைத்து அழுத்தினார். போகவில்லை. இன்னும் அழுத்தினார். மேடைக்குப் பின்னால் போய்ப் படுத்து, மூச்சைப் பிடித்து, முழங்காலை மடக்கினார். லேட்டாக வந்த தொழிலாளி மேஸ்திரி கண்ணில் படாமல் நழுவுகிற மாதிரி அது மெல்ல உள்ளே போனது. எழுந்து திரும்பினால் மனைவி நிற்கிறாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள போயிடுச்சு. ஒண்ணுமில்ல" என்றார்.

அவள் நேராகப் போய் ஒலிபெருக்கியை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கும் ஒரு கோரிக்கை இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம். இதோ இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பைசா வாங்காம சரிபண்ணக் காத்துக்கிட்டு இருக்காங்க. இவரு மாட்டேங்கிறாரு. இவரு உள்ள போற வரைக்கும் நான் இந்த இடத்தைவிட்டு எந்திரிக்க மாட்டேன். நானும் நேத்து ராத்திரியிலேருந்து சாப்பிடல."

சொல்லிவிட்டு அவருடைய நாற்காலிக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோரிக்கையார் திகைத்துப்போனார். இதுவரை எத்தனையோ பேருக்கு எதிரே அவர் இப்படி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எதிரே எவரும் உட்கார்ந்ததில்லை. என்ன செய்வது? இந்த நிலையில் நிர்வாகங்கள் என்ன சொல்லுமோ, அது அவர் வாயில் தானாக வந்தது.

"எழுந்திரு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"எத்தனை தடவை பேசியாச்சு?"

"உன் கோரிக்கையைப் பரிசீலிக்கிறேன்."

"பரிசீலிக்கிறேன்னு சொன்னா ஏமாத்துறான்னு அர்த்தம். நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

"கொள்கை அளவுல ஏத்துக்கிறேன். போதுமா?"

"தேதி?"

"அடுத்த மாசம்..."

"இன்னைக்கு."

"கெடு வச்சுப் பேசுறது நல்லதில்ல!"

"நீங்க மேலாளருங்களுக்கு வச்சீங்களே."

வேன்காரத் தம்பியின் மனைவி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொருத்தி வந்தாள். அப்புறம் முன்வரிசையே இடம் மாறியது. தம்பி மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, தேவையில்லாத கத்தி எங்க வீட்டைக் கெடுத்துச்சு. தேவையான கத்தியைத் தள்ளிவிட்டு உங்க வீட்டை நீங்க கெடுக்கப் போறீங்களா? ரெண்டுலயும் லாபம் எதிர்ப்புறத்துக்காரனுக்குத்தான். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, 'பாத்தீங்களா, அந்தாளு பேச்சைக் கேட்டா சாவுதான்'னு நோட்டீஸ் அடிப்பான்."

பதில் இருந்தது. ஆனால் அதை எந்தப் பத்திரிகையிலும் சொல்ல முடியாது. அவர் குனிந்து, மனைவியின் காதில் மட்டும் விழும்படி சொன்னார்:

"ஊசிடி."

"தெரியும். நான் கையைப் பிடிச்சுக்கிறேன். அன்னைக்கும் நான்தானே பிடிச்சேன்."

தம்பியின் மனைவி ஒலிபெருக்கியை எடுத்தாள். "அண்ணனே உள்ளே போ!"

"போ! போ!" என்றது பந்தல்.

கோரிக்கையார் போனார். தோற்றுப்போனவர் மாதிரி அல்ல, பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் மாதிரி, மார்பை நிமிர்த்திக்கொண்டு போனார். உள்ளே போனதும் தப்பிக்க ஒரு சந்து இருப்பது ஞாபகம் வந்தது. "இன்னைக்கு வந்து இன்னைக்கே எப்படிச் செய்வாங்க? சோதனை எல்லாம் செய்ய ஒரு வாரம் ஆகும். நாளைக்கு வர்றேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நானா?" கோரிக்கையார் மார்பைத் தட்டினார். "நேத்து ராத்திரியோட சரி! பச்சைத் தண்ணி தொட்டதில்ல! நான் இருக்கிறது முழு விரதம்!"

"அதான் வேணும். வயிறு காலியா இருந்தாத்தான் மயக்கம் குடுக்க முடியும். மோதிரம், கீதிரம்?"

"இல்ல."

"பல் செட்டு?"

கோரிக்கையாரின் வாய் திறந்தது. உள்ளே காலியாக இருந்த இடத்தை டாக்டரம்மாவே பார்த்துக்கொண்டார். "நகமும் வெட்டியாச்சு. ரத்தமும் இதயமும் போன வாரமே பார்த்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு."

கோரிக்கையார் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஆடாமல் அசையாமல் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இது சதி."

"தயாரிப்புங்க. தயாரிப்பு இல்லாத போராட்டம் தோத்துப்போகும்னு நீங்கதானே துண்டறிக்கையில எழுதினீங்க."

"அப்ப அந்தக் கோரிக்கை? போர்டு? அதுவும் நாடகமா?"

"அது நிஜம். உங்க வயிறும் நிஜம். ஒரே பட்டினியில ரெண்டு வேலை. ஒரே தடவையில முடிச்சா நமக்குத்தானே லாபம்?"

ஊசி வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி அவரைத் தொடுவதற்குள் அவர் போய்விட்டார். மயக்க மருந்தில் பாதி மிச்சம் என்று டாக்டரம்மா பின்னால் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் வார்டில் கண் விழித்தபோது, சாலைப்பக்கம் கைதட்டல் கேட்டது. கோரிக்கையார் தலையணையில் தலையை உயர்த்தி ஜன்னல் வழியே பார்த்தார். பந்தல் இன்னும் இருந்தது. பெண்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். எதிர்ப்புறத்தில் இரண்டு ஆட்கள் ஏணியில் ஏறி, கண்ணாடிச் சுவரில் ஒரு பெரிய போர்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போர்டு!" என்றார். "எப்படி ஒத்துக்கிட்டான்?"

"நேத்து நீங்க உள்ள போனதும் பந்தல்ல யாருமே எந்திரிக்கலைங்க" என்றாள் மனைவி. "உங்களுக்குத் தையல் போட்டு முடிச்சதும் நானும் போய்ச் சேர்ந்துக்கிட்டேன், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம். தம்பி பொண்டாட்டி ஒலிபெருக்கியைப் பிடிச்சு, தனக்கு நடந்ததை மறைக்காம சொல்லிட்டா. கேட்டவங்க ஒவ்வொருத்தரா எழுந்து அவங்கவங்க தையலைச் சொன்னாங்க. காலையில மேலாளர் வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. முதல்ல போர்டு. ரெண்டாவது கோரிக்கைக்கு வர்ற வாரம் பேச வரச் சொல்லியிருக்கு."

முப்பது வருஷப் போராட்டத்தில் அவர் கேட்டு ஒரே நாளில் கிடைத்த கோரிக்கை ஒன்றுகூடக் கிடையாது. முதல் தடவையாகக் கிடைத்திருக்கிறது. அவர் மயங்கிக் கிடந்தபோது.

"நான் இல்லாமலே நடந்துடுச்சா?"

"பல்லோட பேசுறவங்க பேசினோம்ல."

அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. தையல் இழுத்ததும் கோபம் வந்தது. "இன்னைக்கே நடக்கச் சொல்லியிருக்காங்களாம். என் கால்சட்டை எங்கே?"

"இறுக்கமா ஒண்ணும் போடக் கூடாது. புண்ணுல உரசும். மேலாளர் ஒத்துக்கிட்டதும் வீட்டுக்கு ஓடிப்போய்த் தளர்வா ஒண்ணு தைச்சுக் கொண்டாந்திருக்கேன்."

மெத்தென்ற வெள்ளைப் பருத்தி. கோரிக்கையார் எதையும் கவனிக்காமல் மாட்டிக்கொண்டார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டின் நடுவே ஒவ்வோர் அடியாக வைத்தார். அவர் தாண்டிப் போகிற ஒவ்வொரு கட்டிலிலும் சிரிப்பு கிளம்பியது. வெற்றி பெற்ற தலைவருக்கு மக்கள் தரும் வரவேற்பு என்று நினைத்து, இரண்டு பக்கமும் கையை ஆட்டிக்கொண்டே போய் வந்தார்.

கட்டிலில் ஒருக்களித்துச் சாய்ந்தபோது நர்ஸ் வந்தாள். அவருடைய பின்புறத்தில் சிவப்புத் துணியில் கொட்டை எழுத்தில் தைத்திருந்ததை வாய்விட்டுப் படித்தாள்:

"'கத்தி வைக்காதே!' ...கத்தி எல்லாம் நேத்தோட முடிஞ்சுது பெரியவரே. இது ஊசிதான். கொஞ்சம் அந்த எழுத்தை இறக்குங்க."